கவுண்டியோடு சண்டை போடும் முன்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சஸில் வீடு வாங்கிய முதல் வருடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. ஏப்ரலில் வீட்டு மதிப்பு நோட்டீஸ் வரும், அக்டோபரில் வரி பில் வரும். அதைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டு, "கவுண்டிக்காரன் இப்படி ஏத்திட்டானே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தங்கள் பில்லையும் எடுத்துப் போடுவார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் பல சமயம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) அலுவலகம் கிடையாது, ஆஸ்டினில் இருக்கும் மாநிலச் சட்டமன்றம்.

வரி மட்டும் இல்லை. வாக்குச்சாவடி எத்தனை மணிக்கு மூடும், கவுண்டி சிறையில் ஏன் இடமில்லை, உங்கள் தெருவுக்குப் பின்னால் கான்கிரீட் ஆலை எப்படி வந்தது என்று எந்தக் கேள்வியை இழுத்தாலும் நூலின் மறுமுனை ஆஸ்டினில் போய் நிற்கும். எந்த முடிவு யாருடையது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்கான வழிதான் இது. டல்லஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு விவரங்கள் மாறும்.

முதலில், கவுண்டிக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மூர் மாவட்டக் கலெக்டரை மனதில் வைத்துக்கொண்டு கவுண்டியைப் பார்க்காதீர்கள். கலெக்டர் அரசு நியமிக்கும் அதிகாரி. இங்கே கவுண்டியை நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட் எனும் ஐந்து பேர் குழு: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். பெரிய கவுண்டிகளில் இந்த ஜட்ஜ் வழக்கு விசாரிப்பதெல்லாம் அரிது, நிர்வாகத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெரிஃப், கவுண்டி கிளார்க், வரி வசூல் அதிகாரி எல்லாரும் தனித்தனியாகத் தேர்தலில் நின்று, கட்சிப் பெயரோடு ஜெயித்து வருகிறவர்கள்.

இத்தனை பேர் மக்கள் ஓட்டில் வருவதால் அதிகாரமும் இவர்கள் கையில்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. அமெரிக்க அரசியல் சாசனம் கவுண்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை. உள்ளாட்சி என்பது மாநிலம் உண்டாக்கியது, மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு என்று 1868-ல் அயோவாவின் நீதிபதி ஜான் டில்லன் எழுதினார். 1907-ல் பிட்ஸ்பர்க் நகரம் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது. டெக்சஸ் இதைக் கறாராகக் கடைப்பிடிக்கும் மாநிலம். 5,000 பேருக்கு மேல் உள்ள நகரங்கள் தங்களுக்கென்று ஒரு சாசனம் எழுதிக்கொள்ளலாம். கவுண்டிக்கு அது கிடையாது. 1933-ல் அப்படி ஒரு வாய்ப்பு சட்டத்தில் வந்தது. ஒரு கவுண்டியால்கூட அதைப் பயன்படுத்த முடியாமல் 1969-ல் நீக்கிவிட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். மொத்தம் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர், லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான், அதே ஐந்து பேர் குழுதான்.

வீடு தேடுகிறவர்கள் இங்கேயே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர எல்லைக்கு வெளியே, கவுண்டிப் பகுதியில் புதுப் புதுக் குடியிருப்புகள் வருகின்றன. விலையும் கொஞ்சம் குறைவு. அங்கே எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை என்று வரையறுக்கும் அதிகாரம் பொதுவாகக் கவுண்டிக்கு இல்லை. பின்னால் இருக்கும் காலி நிலத்தில் கான்கிரீட் கலவை ஆலை வந்தால், அனுமதி கொடுப்பது மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம். கமிஷனர் உங்களோடு சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதுவார், அவ்வளவுதான் அவரால் முடியும். வெள்ளம் தேங்கும் பகுதியில் கட்டுமான விதிகள், செப்டிக் டாங்க் அனுமதி, வறட்சிக் காலத்தில் வெளியே தீ மூட்டத் தடை மாதிரியான சிலதுதான் கவுண்டி கையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் "இந்த இடம் நகர எல்லைக்குள்ளா, வெளியிலா" என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். அவர் சொல்வதோடு விடாமல் வரைபடத்திலும் ஒருமுறை பாருங்கள்.

வரி பில்லை வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள்

பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளி மாவட்டம், கவுண்டி, நகரம், கம்யூனிட்டி காலேஜ், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம், தண்ணீர் வசதி மாவட்டம் என்று தனித்தனிக் கணக்குகள் அதில் இருக்கும். பெரும்பாலும் பெரிய பங்கு பள்ளிக்குப் போகும். கவுண்டியின் வரி அதைவிட நிறையச் சின்னது.

வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பதும் கவுண்டி அரசு இல்லை. அது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், இதில் எது பிந்தியதோ அதற்குள், அங்கே ஆட்சேபம் தெரிவிக்கலாம். நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் ஹோம்ஸ்டெட் விலக்கு எனும் வரிச் சலுகைக்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள். அதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. டிரைவர் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோகும் மும்முரத்தில் லைசென்ஸ் முகவரியை மாற்றாமல் விட்டு, விண்ணப்பம் திரும்பி வந்தவர்கள் நிறைய.

சரி, கவுண்டி வரி விகிதத்தையாவது கவுண்டிதானே முடிவு செய்கிறது? ஆமாம், மாநிலம் போட்ட கோட்டுக்குள். 2019-ல் சட்டமன்றம் செனட் மசோதா 2-ஐ நிறைவேற்றியது. அதற்கு முன்பு, ஏற்கெனவே இருக்கும் சொத்துகளிலிருந்து நடைமுறைச் செலவுக்கு வசூலிக்கும் வரியைக் கவுண்டி வருடத்துக்கு 8 சதவீதம்வரை உயர்த்தலாம்; அதைத் தாண்டினால்தான் மக்கள் மனுப் போட்டு வாக்கெடுப்புக் கேட்க முடியும். புதுச் சட்டம் அந்த 8-ஐ 3.5 ஆக்கியது. தாண்டினால் வாக்கெடுப்பு கட்டாயம் என்றும் ஆக்கியது. அதாவது போன வருடம் 10 கோடி டாலர் வசூலித்த கவுண்டி, இந்த வருடம் அதே சொத்துகளிலிருந்து 10.35 கோடி வரைதான் மக்களைக் கேட்காமல் வசூலிக்கலாம். புதிதாகக் கட்டிய வீடுகளும் கடன் தவணைக்கான வரியும் இந்தக் கணக்கில் சேராது. அதனால் வீடுகள் மளமளவென்று எழும்பும் புறநகர்க் கவுண்டிகளுக்கு வலி குறைவு, வளர்ச்சி நின்றுபோன கிராமத்துக் கவுண்டிகளுக்கு அதிகம்.

வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல சட்டம்தானே என்று கேட்டால், பில் கட்டும் ஆளாக நானும் தலையாட்டுவேன். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பில் கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கை மாநிலம் கூட்டியபோது, 2023-ல் 1 லட்சம் டாலர், 2025-ல் 1.4 லட்சம் டாலர் என்று, பள்ளிகளுக்குக் குறையும் வருமானத்தை மாநிலக் கருவூலத்திலிருந்து ஈடுகட்டினார்கள். கவுண்டிக்கு வந்தது உச்சவரம்பு மட்டும்தான், கூடவே பணம் வரவில்லை. ஆஸ்டினில் வரியைக் குறைத்தோம் என்ற பெயர் கிடைத்தது. எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் வேலை கமிஷனர்கள் தலையில் விழுந்தது.

இன்னொரு சின்ன விதி செய்யும் வேலையையும் சொல்லியாக வேண்டும். கமிஷனர்ஸ் கோர்ட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று பேர் வந்தால் கூட்டம் நடக்கும். வரி விதிக்க மட்டும் ஐந்தில் நான்கு பேர் வந்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஹாரிஸ் கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்கு மூன்று, குடியரசுக் கட்சிக்கு இரண்டு என்று இருந்தபோது, 2019-லும் 2022-லும் குடியரசுக் கட்சியின் இரண்டு கமிஷனர்களும் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டார்கள். பெரும்பான்மை இருந்தும் வரி விகிதத்தை நிறைவேற்ற முடியவில்லை. கெடுவுக்குள் நிறைவேறாவிட்டால் தானாகவே குறைந்த விகிதம் அமலுக்கு வரும் என்பதும் மாநிலச் சட்டம்தான்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள்

கவுண்டி பட்ஜெட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தால் சிறை, ஷெரிஃப், நீதிமன்றங்கள் ஆகியவை பெரும் பகுதியை விழுங்கியிருக்கும். இவற்றில் எதையும் கவுண்டி தன் விருப்பப்படி சுருக்கிவிட முடியாது.

சிறையை நடத்துவது கவுண்டி. அது எப்படி இருக்க வேண்டும், எத்தனை கைதிக்கு எத்தனை காவலர் என்பதையெல்லாம் வகுப்பது மாநிலச் சிறைத் தர ஆணையம். குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவருக்கு வக்கீல் வைத்துத் தருவதற்கான நடைமுறைகளை வகுத்து 2001-ல் ஃபேர் டிஃபென்ஸ் சட்டம் வந்தது. அவசியமான சட்டம்தான். ஆனால் அதற்கான செலவில் பெரும் பங்கைக் கவுண்டிகளே சுமக்கின்றன. 2021-ல் வந்த இன்னொரு சட்டம், வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பணம் கட்டாமல் சொந்த ஜாமீனில் விடுவதைத் தடுத்தது. அதைப் பாதுகாப்பு என்று வரவேற்றவர்களும் உண்டு, ஏழைகளுக்கு மட்டும் தண்டனை என்று எதிர்த்தவர்களும் உண்டு. எப்படியானாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் சாப்பாடு, மருந்து, காவல் கவுண்டி கணக்கில்தான் ஏறும். மனநலம் சரியில்லாததால் வழக்கை எதிர்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் சொன்னவர்கள், மாநில மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும்வரை மாதக்கணக்கில் கவுண்டி சிறையில் காத்திருக்கிறார்கள். தாமதம் மாநிலத்துடையது, தினச் செலவு கவுண்டியுடையது.

அதே 2021-ல் செனட் மசோதா 23 வந்தது. 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டி, ஷெரிஃப் துறை மாதிரியான காவல் செலவைக் குறைக்க வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆக, வருமானத்தை ஒரு அளவுக்கு மேல் ஏற்ற ஓட்டு, காவல் செலவைக் குறைக்கவும் ஓட்டு. நடுவில் மிஞ்சுவது சாலை, நூலகம், பூங்கா, பொது சுகாதாரம். உங்கள் பகுதி நூலகம் மாலையில் சீக்கிரம் மூடுகிறது என்றால், கமிஷனரைத் திட்டுவதற்கு முன் இந்த இரண்டு சுவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். திட்டவே கூடாது என்று சொல்லவில்லை. மிஞ்சிய பணத்தைப் பங்கு போடுவது அவர்தான். அதில் நூலகத்தைவிட வேறு எதற்கோ முன்னுரிமை கொடுத்திருந்தால் கேளுங்கள்.

சட்டமன்றக் காலண்டரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

டெக்சஸ் சட்டமன்றம் வருடா வருடம் கூடுவதில்லை. ஒற்றைப்படை வருடங்களில், ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கி 140 நாள். அடுத்தது 2027 ஜனவரி 12. அதற்கு முந்தைய நவம்பர் தேர்தல் முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்தே மசோதாக்களைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். மார்ச் நடுவில் பதிவுக்கான கெடு முடியும். ஏப்ரலும் மேயும் குழு விசாரணை, வாக்கெடுப்பு என்று ஒரே நெரிசல். பல சட்டங்கள் செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வரும். கவுண்டி தன் வரி விகிதத்தை ஆகஸ்ட், செப்டம்பரில்தான் முடிவு செய்கிறது என்பதால், மே வரை ஆஸ்டினில் நடந்ததன் அதிர்ச்சியைப் பட்ஜெட் மேஜையில் அந்த மாதங்களில் பார்க்கலாம். இது போக ஆளுநர் நினைத்தால் 30 நாள் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். என்ன விஷயம் பேச வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

உங்கள் கவுண்டியைக் குறிவைக்கும் மசோதாவை அடையாளம் காணுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு குறிப்பிட்ட கவுண்டிக்கு மட்டும் சட்டம் போடுவதை டெக்சஸ் சாசனம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு ஆஸ்டினில் ஒரு பழைய உபாயம் உண்டு: பெயரைச் சொல்லாமல் மக்கள்தொகையைச் சொல்வார்கள். "35 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டி" என்று மசோதாவில் இருந்தால், அப்படி இருப்பது ஹாரிஸ் மட்டும்தான் என்று படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

2023-ல் நடந்தது அப்படியே இதுதான். 2022 நவம்பர் தேர்தலில் ஹாரிஸ் கவுண்டியின் சில சாவடிகளில் வாக்குச்சீட்டுத் தாள் தீர்ந்துபோனது. பெரிய விவகாரமாகி, செனட் மசோதா 1750 வந்தது. 35 லட்சத்துக்கு மேல் உள்ள கவுண்டியில் தேர்தல் நிர்வாகி என்ற பதவியே ஒழிக்கப்பட்டு, வேலை கவுண்டி கிளார்க்கிடமும் வரி வசூல் அதிகாரியிடமும் போனது. கவுண்டி வழக்குப் போட்டது. ஆனாலும் அந்த செப்டம்பரில் சட்டம் அமலாகிவிட்டது. தவறு நடந்ததா என்றால், நடந்தது. அதைத் திருத்தக் கவுண்டி வாக்காளர்களிடமே விட்டிருக்கலாமா என்பதில்தான் கட்சிக்கு ஒரு கருத்து.

ஆகவே டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் என்ற அரசு இணையதளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, "கவுண்டி" தொடர்பான தலைப்புகளுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். மசோதாவைத் திறந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மக்கள்தொகை எண். அது உங்கள் கவுண்டிக்குப் பொருந்துகிறதா? இரண்டு, கூடவே இருக்கும் செலவுக் குறிப்பு. அதன் கடைசியில் உள்ளாட்சிக்கு என்ன பாதிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். சட்ட மொழி புரியாவிட்டாலும் அந்தப் பத்தி புரியும்.

சட்டமன்றம் கூடாத நாட்களில்

மாநிலத்தின் கை சட்டமன்றத்தோடு நிற்பதில்லை. 2020 அக்டோபர் 1 அன்று ஆளுநர் கிரெக் அபட் ஓர் ஆணை போட்டார்: தபால் வாக்குகளை நேரில் வந்து கொடுக்கும் இடம் கவுண்டிக்கு ஒன்றுதான். ஹாரிஸ் கவுண்டி 12 இடங்கள் திறந்து வைத்திருந்தது. அது ஒன்றானது. லவிங் கவுண்டிக்கும் ஒன்று, ஹாரிஸுக்கும் ஒன்று. நீதிமன்றங்களும் அந்த ஆணையை நிற்கவிட்டன. அதே தேர்தலில் ஹாரிஸ் நடத்திப் பார்த்த 24 மணி நேர வாக்குப்பதிவையும், காரிலிருந்தபடியே வாக்களிக்கும் முறையையும் 2021-ல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வாசல் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். ஏழைக் குடும்பங்களுக்கு 18 மாதம் மாதாமாதம் 500 டாலர் தரும் 'அப்லிஃப்ட் ஹாரிஸ்' திட்டத்தைக் கவுண்டி அறிவித்தது. பணம் மத்திய அரசின் கோவிட் நிவாரண நிதி. மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். 2024-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. கவுண்டி ஒரு உதவித் திட்டம் அறிவித்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் முதல் தவணை கைக்கு வரும்வரை அதை நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள்.

எங்கே போய்ப் பேசுவது

மதிப்பு பற்றிய குறை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு. வரி விகிதம், சாலைக் குழி, நூலகம் கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு. உச்சவரம்பு, தேர்தல் விதி, ஜாமீன், ஆலை அனுமதிச் சட்டம் எல்லாம் உங்கள் மாநில ஹவுஸ் உறுப்பினருக்கும் செனட்டருக்கும். சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: ஹவுஸில் 150 பேர், செனட்டில் 31 பேர். உங்கள் முகவரியைக் கொடுத்தால் யார் என்று சொல்லும் அரசுப் பக்கம் இருக்கிறது.

கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், பகலில் நடக்கும். இது எரிச்சலான விஷயம், லீவ் போட வேண்டியிருக்கும். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இருக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் பேச விரும்பும் பொதுமக்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2019-லிருந்து மாநிலச் சட்டமே சொல்கிறது. சில நிமிடம்தான் தருவார்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அப்பா, பேரப்பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகும் சாலையில் நடைபாதை இல்லை என்று தமிழிலேயே சொல்லலாம். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் போதும்.

வெறும் புகாரோடு போகாமல் ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொண்டு போங்கள். சட்டமன்றம் கூடுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பல கவுண்டிகள் ஆஸ்டினிடம் என்ன கேட்பது என்று ஒரு பட்டியல் தயாரித்து நிறைவேற்றும். உங்கள் விஷயம் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால், கவுண்டி வைத்திருக்கும் லாபியிஸ்ட், அதாவது ஆஸ்டினில் கவுண்டிக்காகப் பேச அமர்த்திய ஆள், அதை உங்களுக்காகச் சுமப்பார். வரிப்பணத்தில் உள்ளாட்சிகள் லாபியிஸ்ட் வைப்பதைத் தடை செய்ய 2019-லும் 2025-லும் மசோதா வந்தது. இரண்டு முறையும் செனட்டில் தேறி ஹவுஸில் படுத்துவிட்டது. மறுபடி வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்டினில் குழு விசாரணைக்கு நேரில் போக முடியாதவர்கள், ஹவுஸ் குழுக்களுக்கு இணையத்திலேயே கருத்து எழுதி அனுப்பலாம். சுருக்கமாக, மசோதா எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பில்லில் என்ன மாறும் என்று எழுதுங்கள்.

ஹெச்-1பியிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இவை எல்லாவற்றையும் செய்யலாம், ஓட்டுப் போடுவதைத் தவிர. டிரைவர் லைசென்ஸ் படிவத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர்கள் அதில் 'இல்லை' என்றே குறிக்க வேண்டும். கவனக்குறைவாக 'ஆம்' என்று போட்டால் பின்னால் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். டெக்சஸில் கட்சி வாரியாகப் பதிவு செய்யும் முறை கிடையாது. கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களிக்கலாம். பெரும்பாலான தொகுதிகளில் நவம்பரில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், உங்கள் கமிஷனரும் ஹவுஸ் உறுப்பினரும் யார் என்பது பல இடங்களில் மார்ச்சிலேயே முடிவாகிவிடுகிறது. அன்று வரிசையும் சின்னதாகத்தான் இருக்கும்.